ஹெட் ஆபீஸுக்குத் தெரியாமல் ஒரு ஒயின்

ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. ‘நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை உடனே நிறுத்தவும்.’ அவ்வளவுதான். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் உங்கள் இன்க்ரிமெண்டைத் தீர்மானிக்கிறவர். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பொதுவாக நாமெல்லாம் செய்வது தெரிந்ததுதான். ‘தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன், ஆவன செய்கிறேன்’ என்று பதில் போட்டுவிட்டு, ஃபைலைக் கட்டி பீரோ மேல் வீசி, காண்டீனுக்குப் போய் மானேஜ்மெண்டை ஆசை தீரத் திட்டிக்கொண்டே ஒரு மெதுவடை சாப்பிடுவோம். புரட்சி அத்தோடு முடிந்தது.

1957-ல் ஆஸ்திரேலியாவில் மாக்ஸ் ஷூபர்ட் என்ற ஊழியருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. மனுஷன் வடை சாப்பிடப் போகவில்லை. வெளியே நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். உள்ளே, பூமிக்கடியில் இருக்கும் சுரங்க அறைகளில், நிறுத்தச் சொன்ன அதே வேலையை மூன்று வருஷம் ஹெட் ஆபீஸுக்குத் தெரியாமல் தொடர்ந்தார்.

வேலை, சிவப்பு ஒயின் தயாரிப்பது. அந்த ஒயினுக்குப் பெயர் கிரேஞ்ச். இன்று ஆஸ்திரேலியாவின் மிகப் புகழ்பெற்ற ஒயின் அதுதான். அதன் முதல் வருஷத்து பாட்டில் ஒன்று 2021-ல் ஏலத்தில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. நம்ம கணக்கில் எண்பது லட்சத்தைத் தாண்டும். முக்கால் லிட்டர் திராட்சை ரசத்துக்கு!

‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று லேபிளில் அச்சடித்த ஊர்க்காரர்கள் நாம். குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொன்னாலும் அந்த விலையில் நீங்கள் வாங்கப் போவதில்லை. விஷயம் வேறு. ஒரு கம்பெனி வேலைக்காரன் காலத்தை நம்பி ஒரு பந்தயம் கட்டினான். அந்தப் பந்தயம் கட்டிய இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

* * *

இடத்தின் பெயர் மகில். தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து 8 கிலோமீட்டர். காரில் கால் மணி நேரப் பாடு. கிழக்கே போகப் போக மவுண்ட் லாஃப்டி மலைத்தொடரின் அடிவாரம் மெதுவாக மேலேறுகிறது. தெருவுக்கே பென்ஃபோல்ட் ரோடு என்றுதான் பெயர். இரண்டு பக்கமும் தோட்டம் வைத்த வீடுகள், நிறுத்தி வைத்த கார்கள், மதிலில் பூனை. இதற்கு நடுவிலா திராட்சைத் தோட்டம் என்று சந்தேகம் வரும்போது, சட்டென்று வலை போட்ட மாதிரி வரிசை வரிசையாகக் கொடிகள்.

ஒரு காலத்தில் இந்தத் தோட்டம் 500 ஏக்கர். இப்போது மிஞ்சியிருப்பது 5 ஹெக்டேர் சொச்சம், அதாவது 13 ஏக்கர். பாக்கியெல்லாம் பிளாட் போட்டாகிவிட்டது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வயலெல்லாம் ‘நகர்’ ஆன கதை உங்களுக்குத் தெரியும். ரியல் எஸ்டேட்டுக்கு எல்லா நாட்டிலும் ஒரே ஜாதகம்.

1844-ல் இதை வாங்கியவர் ஒரு டாக்டர். கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்ட். இங்கிலாந்தின் சஸெக்ஸ்காரர். லண்டனில் டாக்டருக்குப் படித்துவிட்டு மனைவி மேரி, கைக்குழந்தையோடு கப்பலேறி வந்து சேர்ந்தார். அப்போது அடிலெய்டு என்ற ஊர் பிறந்தே எட்டு வருஷம்தான். டாக்டர் இங்கே ஒரு கல் வீடு கட்டினார். மேரியின் பிறந்த வீட்டு ஞாபகமாக அதற்கு ‘தி கிரேஞ்ச்’ என்று பெயர் வைத்தார். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரைப் புருஷன் தானாக முன்வந்து வைத்த அபூர்வ சம்பவங்களில் இது ஒன்று. அந்தச் சின்னஞ்சிறு வீடு இன்னும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம். ஜன்னல் வழியே தூரத்தில் நகரம் தெரிகிறது.

டாக்டர் திராட்சை நட்டது வியாபாரத்துக்காக அல்ல, வைத்தியத்துக்காக. ரத்தசோகை பிடித்த நோயாளிகளுக்கு ஒயினை டானிக்காகக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். நம்மூரில் திராட்சாரிஷ்டம் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. நோய் தீர்ந்ததோ இல்லையோ, மருந்து பிடித்துப் போய்விட்டது. நோயாளிகள் குணமான பிறகும் வந்து கேட்டிருக்க வேண்டும். தோட்டம் பெருகியது.

டாக்டர் காலையிலிருந்து ராத்திரி வரை நோயாளிகளோடு. அப்படியானால் தோட்டத்தைப் பார்த்தது யார்? மேரி. ஆட்களை மேய்த்தது, கணக்கு எழுதியது, எந்தப் பீப்பாயை எதனோடு கலப்பது என்று ருசி பார்த்தது எல்லாம் அந்த அம்மாள்தான். 1870-ல் டாக்டர் போய்ச் சேர்ந்த பிறகு முழுப் பொறுப்பும் அவர் தலையில். 1884 வரை நடத்திவிட்டு ஓய்வு பெற்றார். 1895-ல் காலமானார். பாட்டில் லேபிளில் இருப்பது என்னவோ புருஷன் பெயர். ஆனால் அந்த அம்மாள் பிறந்த வீட்டின் பெயர்தான் இன்று உலகம் பூராவும் ஏலத்தில் கூவப்படுகிறது. வரலாறு சில சமயம் நியாயமாகவும் நடந்துகொள்கிறது.

* * *

இனி நம்ம கதாநாயகன். மாக்ஸ் ஷூபர்ட் 1915-ல் பிறந்தார். அடிலெய்டுக்கு வடகிழக்கே பரோஸா பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி. அப்பா கொல்லர். 1931-ல் பையன் பென்ஃபோல்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். என்ன வேலை? எடுபிடி. கடிதம் கொண்டு போய்க் கொடுப்பது, குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்வது. இன்றைய பாஷையில் ஆபீஸ் பாய்.

பிறகு மகிலுக்கு மாற்றல். பகலில் வேலை, ராத்திரி வகுப்பில் கெமிஸ்ட்ரி. நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்து பட்டாளத்துக்குப் போனார். உயிரோடு திரும்பி வந்து, 1948-ல் கம்பெனியின் தலைமை ஒயின் தயாரிப்பாளர் ஆனார். குதிரைக்குப் புல் போட்ட பையன், பதினேழே வருஷத்தில்! பிரமோஷன் லிஸ்ட்டைப் பார்த்து ஏக்கப் பெருமூச்சு விடும் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கலாம்.

1950-ல் கம்பெனி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. எதற்கு? ஸ்பெயினில் ஷெர்ரி எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து வர. அந்த நாளில் ஆஸ்திரேலியர்கள் பெரும்பாலும் குடித்தது தித்திப்பும் காரமுமான ஷெர்ரி, போர்ட் வகைகளைத்தான். ஸ்பிரிட் கலந்த சமாச்சாரம். பல நாள் வைத்து ரசித்துக் குடிக்கும் சிவப்பு ஒயின் என்பதெல்லாம் அங்கே கேள்விப்படாத சங்கதி.

போன வேலை முடிந்ததும் ஷூபர்ட் பக்கத்திலிருந்த பிரான்சுக்கு ஒரு நடை போனார். போர்தோ என்ற ஊர். ஒயினுக்கு அது காசி மாதிரி. அங்கே கிறிஸ்டியன் குருஸ் என்ற பெரிய வியாபாரி இவரை உட்கார வைத்து, 40, 50 வருஷம் வயசான சிவப்பு ஒயின்களைத் திறந்து ஊற்றினார். அரை நூற்றாண்டு கழித்தும் அவை உயிரோடு இருந்தன. வாசனை இருந்தது, தெம்பு இருந்தது.

ஷூபர்ட்டுக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. இதை நம்ம ஊரில் செய்ய முடியாதா? குறைந்தது இருபது வருஷம் தாங்கக் கூடிய ஒரு ஒயின்? திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் இதே கணக்கு.

* * *

இந்த இடத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பழரசம் பழசானால் கெட்டுத்தானே போகும்? இது மட்டும் எப்படி ருசி கூடுகிறது?

முதலில் ஒரு உண்மை. உலகத்தில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடித்து முடிக்க வேண்டியதுதான். வைத்திருந்தால் வீண். காத்திருக்கத் தகுதியுள்ளவை ரொம்பக் கொஞ்சம். அந்தத் தகுதியைக் கொடுப்பவற்றில் முக்கியமானது துவர்ப்பு.

நாவல் பழம் தின்றிருப்பீர்கள். நாக்கு சுருங்கிக் கரகரவென்று ஆகுமே, அதற்குக் காரணம் டானின் என்ற சரக்கு. திராட்சையின் தோலிலும் கொட்டையிலும் அது ஏராளம். சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்க வைப்பதால் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே இறங்குகின்றன. இளம் ஒயின் அதனால்தான் வாயைப் பிடித்து இழுக்கிறது. பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும்போது இந்தத் துவர்ப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிசாகி, கடைசியில் வண்டலாக அடியில் தங்கிவிடுகின்றன. முரட்டுத்தனம் போய்ப் பதம் வருகிறது. நாவல் பழக் கலராக இருந்தது மெல்ல மாறி செங்கல் கலருக்கு வருகிறது. பச்சைப் பழ வாசனை போய் வேறு ஏதேதோ வாசனைகள் எழும்புகின்றன.

நமக்கு இது புதுசில்லை. புது அரிசி குழையும், பழைய அரிசிதான் பருக்கை பருக்கையாக நிற்கும் என்று பாட்டி சொல்வாளே. புளியும் பழம்புளிக்குத்தான் மதிப்பு. வைத்திருந்தால் நன்றாகும் என்று தெரிந்து வைத்திருப்பது ஒரு கலை. எது நன்றாகும் எது பூசணம் பூக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அதில் சிரமமான பகுதி.

பூசணம் என்றதும் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். ரே பெக்வித். அதே கம்பெனியின் கெமிஸ்ட். 1935-ல் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் பீப்பாய் பீப்பாயாக ஒயின் பாக்டீரியா தாக்கி வீணாகிக் கொண்டிருந்தது. அதன் அமில அளவை, அதாவது பி.ஹெச். என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே அதை, ஓர் எல்லைக்குள் பிடித்து வைத்தால் பாக்டீரியா தலையெடுக்காது என்று பெக்வித் கண்டுபிடித்தார். கம்பெனி அதைத் தொழில் ரகசியமாகப் பொத்தி வைத்துக் கொண்டது. கண்டுபிடித்தவர் பெயர் வெளியே தெரிய வெகு காலம் பிடித்தது. நூறு வயசைத் தொட்டுவிட்டு 2012-ல் காலமானார். இருபது வருஷம் தாங்கும் ஒயின் என்று ஷூபர்ட் தைரியமாகக் கனவு கண்டதற்குப் பின்னால் இந்த அமைதியான மனிதரின் அளவுகோல் இருந்தது.

* * *

1951. ஷூபர்ட் வேலையை ஆரம்பித்தார். போர்தோவில் பயன்படுத்தும் கேபர்னே திராட்சை இங்கே போதுமான அளவு கிடையாது. ‘இல்லையா? பரவாயில்லை.’ தெற்கு ஆஸ்திரேலியாவில் தாராளமாக விளைந்தது ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை. மகிலிலிருந்தும், தெற்கே மார்ஃபெட் வேல் என்ற ஊரிலிருந்தும் அதை எடுத்தார். பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய் கிடைக்கவில்லை. ‘அதுவும் பரவாயில்லை.’ அமெரிக்க ஓக்கில் செய்த புதுப் பீப்பாய் ஐந்து வாங்கினார். ஒவ்வொன்றும் சுமார் 300 லிட்டர் பிடிக்கும்.

வழக்கமாக அவசர அவசரமாகப் புளித்து முடிவதை, சூடு ஏறாமல் அடக்கி, பன்னிரண்டு நாள் வரை இழுத்தார். கடைசிக் கட்டப் புளிப்பைப் புதுப் பீப்பாய்க்குள்ளேயே முடிய விட்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே சாற்றைப் பழைய பெரிய பீப்பாய் ஒன்றிலும் ஊற்றி வைத்தார். ராத்திரி வகுப்பில் கெமிஸ்ட்ரி படித்த ஆள் இல்லையா! பதினெட்டு மாசம் கழித்துப் பார்த்தால் புதுப் பீப்பாய்ச் சரக்கு எங்கேயோ போயிருந்தது. அந்த முதல் வருஷத்து பாட்டில்கள் விற்பனைக்கே வரவில்லை. தெரிந்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் சும்மா கொடுத்தார். எண்பது லட்சம் என்று மேலே சொன்னேனே, அந்த பாட்டில்தான். சும்மா கிடைத்ததை ஞாயிற்றுக்கிழமை மட்டனோடு குடித்துத் தீர்த்தவர்கள் எத்தனை பேரோ. அவர்களுடைய பேரன்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

1952-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பாதாள அறையில் அடுக்கினார். வருஷத்துக்கு வருஷம் பாட்டில் ஏறியது. வரவு? பூஜ்யம். ஹெட் ஆபீஸ் இருப்பது 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் சிட்னியில். கணக்குப் பிள்ளைகள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள்: “இவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கிறதே, அப்படி என்னதான் செய்கிறார் அங்கே?”

சரி, கொண்டு வா, ருசி பார்ப்போம் என்றது மேலிடம். சிட்னியில் பெரிய ஏற்பாடு. டைரக்டர்கள், ஒயின் ருசி பார்ப்பதில் புலிகள், விருந்தாளிகள். ஷூபர்ட் 1951-லிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தார்.

முகங்கள் சுருங்கின. காட்டுப் பழங்களோடு எறும்பை நசுக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருத்தர் தீர்ப்புச் சொன்னார். இன்னொருத்தர் கைகுலுக்கி, நல்ல போர்ட் செய்திருக்கிறாய், புத்தி சரியாக உள்ளவன் எவனும் இதை வாங்கவும் மாட்டான், குடிக்கவும் மாட்டான் என்று வாழ்த்தினார். அடிலெய்டுக்கு வந்து அங்கேயும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் வாயில் பட்டது நிஜமாகவே முரட்டு ஒயின்தான். இருபது வருஷம் ஓட வேண்டிய குதிரையை இரண்டாம் நாள் பார்த்துவிட்டு ‘கால் கோணல்’ என்று சொன்னார்கள். அன்றைக்குக் கால் கோணலாகத்தான் இருந்தது. ஷூபர்ட்டிடம் பதில் ஒன்றுதான். ‘கொஞ்சம் பொறுங்கள்.’ பாலன்ஸ் ஷீட்டில் அதை எழுத எந்தக் காலமும் கிடையாது.

1957 அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் எழுத்து மூலமாக உத்தரவு வந்துவிட்டது. கிரேஞ்ச் தயாரிப்பை நிறுத்தவும்.

* * *

அந்தச் சுரங்க அறைகளுக்குள் நான் போனபோது வெளியே வெயில் 38 டிகிரி. நம்ம ஊர் சித்திரை மாதிரி. நாலு படி இறங்கியதும் மார்கழி. கல்லும் செங்கலும் வைத்துக் கட்டிய நீள நீளமான குகைகள். மங்கலான விளக்கு. பீப்பாய் மரமும் புளிப்பும் கலந்த வாசனை. பாட்டில்கள் படுத்த வாக்கில் அடுக்கியிருக்கின்றன. கார்க் காய்ந்து சுருங்காமல், காற்று புகாமல் இருப்பதற்காக இப்படிப் படுக்க வைக்கிறார்கள். சூடும் வெளிச்சமும் ஆட்டமும் இல்லாமல் இருந்தால்தான் ஒயின் நிதானமாக மூப்படையும்.

ஒளித்து வைக்க இதைவிடத் தோதான இடம் கிடையாது என்று பார்த்ததுமே புரிகிறது. ஒரு வளைவுக்குப் பின்னால் இருபது பீப்பாயை நகர்த்தி வைத்தால் சிட்னிக்காரன் என்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியாது.

ஷூபர்ட் அதைத்தான் செய்தார். 1957, 58, 59. மூன்று அறுவடை. ஆனால் ஒரு சிக்கல். புதுப் பீப்பாய் வாங்கினால் பில் போட வேண்டும். பில் போட்டால் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே முந்தின வருஷங்களின் பழைய பீப்பாய்களிலேயே ஊற்றி வைத்தார். புது மரம் தரும் வாசனையும் கட்டுமஸ்தும் அந்த மூன்று வருஷத்து ஒயினில் குறைச்சல் என்று இன்றும் சொல்வார்கள். திருட்டுத்தனத்துக்குக் கொடுத்த விலை அது.

தனி ஆளாக இதைச் செய்திருக்க முடியுமா? முடியாது. கம்பெனிக் குடும்பத்திலேயே ஒருவர், ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலாண்ட், அடிலெய்டில் உதவி ஜெனரல் மானேஜர். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டார் என்பதைவிடக் காவல் நின்றார் என்பதே சரி. நமக்கு மேலே இப்படி ஒரு மானேஜர் வாய்க்க எந்தக் கோயிலில் வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேலை போயிருக்கும். பதினாறு வயசில் லாயம் பெருக்கச் சேர்ந்து, வேறு கம்பெனி வாசலையே மிதிக்காத மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஒயின் கடைசி வரை முரடாகவே இருந்து தொலைத்திருந்தால்? உத்தரவை மீறிக் கம்பெனிச் சரக்கை வீணடித்தவர் என்ற ஒரு வரியோடு கதை முடிந்திருக்கும்.

ஆனால் இருட்டில் டானின்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஹெட் ஆபீஸ் சர்க்குலர் எதுவும் போய்ச் சேரவில்லை.

இதற்குள் முதலில் செய்த ஒயின்களுக்கு வயசு ஏறியிருந்தது. சாப்பிட்டுப் பார்த்தவர்கள் ஒருவர் இருவராக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ‘அது ஒன்றும் மோசமில்லை போலிருக்கிறதே...’ பேச்சு சிட்னிக்கு எட்டியது. மேலிடம் மறுபடி வரவழைத்து ருசி பார்த்தது. அதே ஒயின். அதே நாக்குகள். பாட்டிலுக்குள் கழிந்த சில வருஷங்கள் மட்டும்தான் வித்தியாசம். 1960 அறுவடைக்கு முன்னால் உத்தரவு வந்தது: கிரேஞ்ச் தயாரிப்பை மீண்டும் தொடங்கவும்.

‘மீண்டும் தொடங்கவும்’ என்பதைப் படித்து ஷூபர்ட் எப்படிச் சிரித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நிறுத்தியிருந்தால் அல்லவா தொடங்குவதற்கு! 1951-லிருந்து இன்றுவரை ஒரு வருஷம்கூட விட்டுப்போகாமல் கிரேஞ்ச் இருக்கிறது என்றால் அந்த மூன்று திருட்டு அறுவடைகளால்தான்.

* * *

அப்புறம் நடந்ததெல்லாம் சினிமாவின் கடைசி ரீல். 1962-ல் சிட்னி ஒயின் போட்டிக்கு 1955-ம் வருஷத்து கிரேஞ்சை அனுப்பினார்கள். தங்க மெடல். முகம் சுருங்கிய அதே சிட்னியில்! அந்த 1955 மட்டுமே பிறகு ஐம்பதுக்கு மேல் தங்கம் வாங்கியது. 1979-ல் பாரீஸில் ‘கோ மியோ’ பத்திரிகை நடத்திய ஒயின் ஒலிம்பிக்ஸில், 1971 கிரேஞ்ச் தன் பிரிவில் பிரெஞ்சுக்காரர்களைத் தோற்கடித்தது.

ஷூபர்ட் 1975-ல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் டான் டிட்டர், ஜான் டுவால், 2002-ல் பீட்டர் கேகோ என்று பொறுப்பு கை மாறியது. 1988-ல் லண்டனின் ‘டிகான்டர்’ பத்திரிகை ஷூபர்ட்டை அந்த ஆண்டின் மனிதராகத் தேர்ந்தெடுத்தது. 1994 மார்ச்சில் காலமானார். அடுத்த வருஷம், 1995-ல், அமெரிக்காவின் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை உலகத்து ஒயின்களில் அந்த ஆண்டுக்கு முதலிடம் என்று 1990 கிரேஞ்சை அறிவித்தது. ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றுகிறது. வாழ்நாள் பூராவும் மற்றவர்களைப் பொறுக்கச் சொன்னவரிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை.

கம்பெனி என்ன ஆயிற்று? 1976-ல் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அப்புறம் கை மாறிக் கை மாறி, 2011-லிருந்து ட்ரெஷரி ஒயின் எஸ்டேட்ஸ் என்ற பெரிய நிறுவனத்திடம். இப்போது கிரேஞ்சுக்கான திராட்சை ஒரே தோட்டத்திலிருந்து வருவதில்லை. போர்தோவில் ஒரு மாளிகை, அதைச் சுற்றித் தோட்டம், அந்த மண்ணின் ஒயின் என்பதுதான் கௌரவம். இங்கே அந்த மடியெல்லாம் பார்ப்பதில்லை. பரோஸா, மெக்லாரன் வேல் என்று அந்த வருஷம் எங்கே ஷிராஸ் நன்றாக விளைந்ததோ அங்கிருந்தெல்லாம் எடுத்துக் கலக்கிறார்கள். மகில் இப்போது பெயருக்கும் வேருக்கும்தான். 2001-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேஷனல் டிரஸ்ட் கிரேஞ்சைப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது. கோபுரம், கோட்டை மாதிரி ஒரு பானமும் சின்னம்!

1991-லிருந்து இன்னொரு வேடிக்கை. பழைய ஒயின்களுக்கு இந்தக் கம்பெனி ஆஸ்பத்திரி நடத்துகிறது. பதினைந்து வருஷத்துக்கு மேல் வயசான பாட்டிலைக் கொண்டு போனால், திறந்து, துளி ருசி பார்த்து, குறைந்ததை ரொப்பி, புதுக் கார்க் அடித்துச் சான்றிதழ் தருகிறார்கள். காசு வாங்குவதில்லை. உள்ளே சரக்கு கெட்டிருந்தால் சான்றிதழ் கிடையாது. இருபது வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் பேஷண்ட் மாதிரி வரிசையில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்களாம்.

புதிதாக வெளியாகும் கிரேஞ்ச் பாட்டில் சுமார் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர். நம்ம ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். மகிலில் கட்டணம் கட்டினால் கொஞ்சம் ருசி பார்க்கத் தருகிறார்கள். கண்ணாடிக் கோப்பையின் அடியில் கோவில் தீர்த்தம் அளவுக்கு. கறுப்பாக இருந்தது. முகர்ந்தால் முதலில் நாவல் பழம், பின்னாலேயே தேங்காய். தேங்காய் வாசனை அமெரிக்க ஓக் மரத்தின் உபயமாம். வாயில் வைத்ததும் துவர்ப்பு தாடையைப் பிடித்துக்கொண்டது. இதுவும் இன்னும் குழந்தைதான், பதினைந்து இருபது வருஷம் கழித்துக் குடிக்க வேண்டும் என்றார் ஊற்றியவர். எறும்பு என்று சொன்ன சிட்னிக்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபமே வந்தது.

கடைசியாக, அந்தத் திருட்டு அறுவடைகளின் பாட்டில் ஒன்று செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். 2014-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் முதலமைச்சர் பாரி ஓ’ஃபாரல். அவர் பிறந்த வருஷம் 1959. அதே வருஷத்து கிரேஞ்ச் ஒன்றை, சுமார் 3,000 டாலர் பெறுமானது, 2011-ல் ஒரு தொழிலதிபர் அவருக்குப் பரிசாக அனுப்பியிருந்தார். பரிசுப் பட்டியலில் அது ஏறவில்லை. ஊழல் விசாரணைக் கமிஷன் கேட்டபோது, அப்படி ஒன்று வந்ததாக ஞாபகமே இல்லை என்றார் முதல்வர். மறுநாள், அவர் கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வெளியே வந்தது. கமிஷனைத் தவறாக வழிநடத்தும் எண்ணம் இல்லை, ஞாபகப் பிசகு என்றார். ஆனாலும் உடனே ராஜினாமா செய்தார். ஒரே ஒரு பாட்டிலுக்காக! நமக்கு இந்தச் செய்தியை ஜீரணிக்கத்தான் ஒரு சோடா தேவைப்படுகிறது.

சிட்னியில் உட்கார்ந்திருந்த கம்பெனி ஹெட் ஆபீஸ் ‘செய்யாதே’ என்று சொன்ன ஒயின். பழைய பீப்பாயில், கணக்கில் வராமல், குகையில் ஒளிந்து வளர்ந்த ஒயின். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அதே சிட்னியில் ஒரு முதல்வரின் நாற்காலியைக் காலி செய்துவிட்டது. இரண்டு தடவையும் அது கணக்கில் வராததுதான் பிரச்னை.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்குக் காலையில் ஆபீஸில் சர்க்குலரை மீறலாம் என்று யாருக்காவது கை துறுதுறுத்தால் ஒரு விஷயம். ஷூபர்ட்டிடம் மூன்று இருந்தன. செய்கிற வேலை இருபது வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று தெரிந்த மூளை, கேள்வி கேட்காமல் காவல் நின்ற ஒரு மேலதிகாரி, பூட்டி வைக்க ஓர் இருட்டறை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பேசாமல் காண்டீனுக்குப் போய்விடுங்கள். வடை சூடாக இருக்கும்.